முழங்கைப் புண்ணுக்குச் சதை மடல்

உங்கள் முழங்கையின் பின்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். மெல்லிய தோல், அதன் கீழே உடனே எலும்பு. நடுவில் சதை என்று சொல்ல ஒன்றுமில்லை. கையை மடக்கும்போது அந்தத் தோல் இன்னும் இழுபடும். அதனால் வேறு இடத்தில் பத்து நாளில் ஆறக்கூடிய காயம் இங்கே ஆறாமல் நின்றுவிடும். தோட்டத்துச் செம்மண் பாதையில் மோட்டார் சைக்கிளோடு சறுக்கி விழுந்தவர்கள், எலும்பு முறிவுக்குத் தகடு வைத்த பிறகு மேல்தோல் கறுத்துப் பிரிந்தவர்கள், படுக்கையிலேயே முழங்கையை ஊன்றிக் கிடப்பவர்கள், இவர்களுக்கு எலும்போ தகடோ வெளியே தெரியும் அளவுக்குப் புண் திறந்துவிடலாம். இனிப்பு நீர் இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம்.

எலும்பு வெளியே தெரிந்தால் அது அவசரம். காப்பித் தூள், மஞ்சள், புகையிலை எதையும் வைக்காதீர்கள். சுத்தமான துணியால் மூடிக்கொண்டு கிளினிக் கெசிஹாத்தானுக்கோ மருத்துவமனை அவசரப் பிரிவுக்கோ வாருங்கள். ஆம்புலன்சுக்கு 999.

"தொடையிலிருந்து கொஞ்சம் தோல் எடுத்து ஒட்டினால் போதாதா?" என்று பலரும் கேட்கிறார்கள். ரப்பர் மரத்தில் ஒட்டுக் கட்டியவர்களுக்கு இதை விளக்குவது எளிது. மொட்டுள்ள பட்டையை வெட்டி வைத்துக் கட்டுகிறோம். அடியில் ஈரமான, உயிருள்ள பகுதி இருந்தால்தான் அது பிடிக்கும். காய்ந்த கட்டையில் எத்தனை முறை கட்டினாலும் பிடிக்காது. தோல் ஒட்டும் அப்படியே. அதற்குச் சொந்த இரத்தக் குழாய் கிடையாது. முதல் சில நாள்கள் அடியிலுள்ள ஈரத்தைக் குடித்து உயிர் வாழும். பிறகு அடியிலிருந்து புதிய குழாய்கள் அதற்குள் வளர வேண்டும். வெறும் எலும்பும் உலோகத் தகடும் அதற்கு ஒன்றும் தர முடியாது.

சதை மடல் வேறு வகை. பக்கத்திலுள்ள ஒரு தசையை, அதற்கு இரத்தம் கொண்டுவரும் குழாயை அறுக்காமலேயே பிரித்து, திருப்பிப் புண்ணின் மேல் போர்த்துகிறார்கள். தசை தன் இரத்தத்தோடு வருகிறது. கிருமியை எதிர்க்கும் சக்தியும் மருந்தும் அந்த இரத்தத்தின் வழியே எலும்பு வரை போகும். அந்தச் சதையின் மேல் தொடைத் தோலை ஒட்டினால் இப்போது பிடித்துக்கொள்ளும்.

புண் சிறியது என்றால் முழங்கையின் வெளிப்புறத்திலுள்ள அன்கோனியஸ் என்ற சின்ன முக்கோணத் தசையே போதும். அதை எடுத்ததால் கை பலவீனமாவது மிகக் குறைவு. சற்றுப் பெரிய புண்ணுக்கு முன்கைத் தசைகளில் ஒன்றைத் திருப்புவார்கள். சிலருக்குத் தசையே வேண்டாம், முன்கைத் தோலையும் கொழுப்பையும் அதன் குழாயோடு நகர்த்தினால் போதும் என்று மருத்துவர் சொல்லலாம்; அதுவும் நல்ல வழிதான்.

பெரிய புண்ணுக்கு முதுகிலுள்ள லாட்டிசிமஸ் டோர்சை என்ற அகன்ற தசை. இதன் இரத்தக் குழாய் அக்குளில் நுழைகிறது. அந்த முனை அங்கேயே இருக்க, மறுமுனையை மேல்கை வழியாக முழங்கைக்குக் கொண்டுவருகிறார்கள். முழங்கைக்கு வந்து சேர்வது தசையின் கடைசி நுனி என்பதால் அங்கே இரத்தம் சற்றுக் குறைவு. சிலருக்கு நுனி கொஞ்சம் கறுத்துப் போய் மீண்டும் சுத்தம் செய்ய நேரிடும். இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

"முதுகுச் சதையை எடுத்தால் கையைத் தூக்க முடியுமா?" முடியும். தோளைச் சுற்றியுள்ள மற்ற தசைகள் வேலையைப் பகிர்ந்துகொள்ளும். ஆனால் கையை மேலிருந்து கீழே பலமாக இழுக்கும் வேலையில் வித்தியாசம் தெரியலாம். நீளக் கம்பால் செம்பனைக் குலை அறுப்பவரா? ஊன்றுகோல் பிடித்து நடப்பவரா? நாற்காலியிலிருந்து கையை ஊன்றித்தான் எழுவீர்களா? கேட்காவிட்டாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள். எந்தத் தசையை எடுப்பது என்ற முடிவே அதனால் மாறலாம்.

பயத்தால் "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று தள்ளிப்போடுவதுதான் பெரிய நஷ்டம். மார்க்கோ கோடினா என்ற அறுவை நிபுணர், கை கால் காயங்களுக்கு இப்படி மடல் வைத்த 532 பேரின் விவரத்தை 1986-இல் வெளியிட்டார். அவர் வைத்தது குழாயை வெட்டி வேறிடத்தில் இணைக்கும் வகை. 72 மணி நேரத்துக்குள் மூடப்பட்டவர்களில் 100-க்கு 2 பேருக்கும் குறைவாகவே கிருமித் தொற்று வந்தது. அதன்பின் 3 மாதம் வரை தாமதமானவர்களில் 100-க்கு 17 பேருக்கு மேல். கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையில் எலும்பு மருத்துவரும் ஒட்டறுவை மருத்துவரும் ஆரம்பத்திலேயே சேர்ந்து காயத்தைப் பார்க்கும் முறைக்கும் இதுவே காரணம்.

நெகிரி செம்பிலானில் உங்கள் கிளினிக்கிலிருந்து சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனைக்கோ, குவாலா பிலா துவாங்கு அம்புவான் நஜிஹா மருத்துவமனைக்கோ அனுப்புவார்கள். தேவைப்பட்டால் ஒட்டறுவை நிபுணர் இருக்கும் இடத்துக்கு அங்கிருந்து மாற்றுவார்கள். சாப்பிடும் மருந்துகள் எல்லாவற்றையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். இரத்தத்தை இளக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். சிகரெட், சுருட்டு, வெற்றிலையோடு போடும் புகையிலை, இவற்றை உடனே விடுங்கள். நிகோட்டின் இரத்தக் குழாயைச் சுருக்கும். மடல் உயிர் வாழ்வதே அந்தக் குழாயை நம்பித்தான்.

அறுவைக்குப் பின் முதல் சில நாள்கள் தாதியர் இரவிலும் எழுப்பி மடலைப் பார்ப்பார்கள். கோபப்படாதீர்கள். வெளுத்துக் குளிர்ந்தால் இரத்தம் வரவில்லை, நீலமாகி வீங்கினால் இரத்தம் திரும்பிப் போகவில்லை என்று அர்த்தம். சீக்கிரம் கண்டால் காப்பாற்ற முடியும். கையைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள். வளையல், காப்பு, மந்திரித்த கயிறு எதுவும் அந்தக் கையில் வேண்டாம். விரல்களை மட்டும் அடிக்கடி அசையுங்கள்.

கட்டுப் பலகை எடுத்ததும் இயன்முறைப் பயிற்சி தொடங்கும். முழங்கை சீக்கிரம் விறைத்துப்போகும் மூட்டு. சோற்றை வாய்க்குக் கொண்டுபோகவும் சட்டைப் பொத்தான் போடவும் கை நன்றாக மடங்க வேண்டும். வலிக்கிறதே என்று பயிற்சிக்குப் போகாமல் இருந்தால் புண் ஆறியும் கை உதவாமல் போகும். முதலில் மேடாகத் தெரியும் சதை சில மாதங்களில் சுருங்கி அமுங்கும்.

ஒட்டிய இடத்தில் உணர்ச்சி இருக்காது அல்லது குறைவாக இருக்கும். சூடான பாத்திரத்தில் பட்டாலும் தெரியாது. மேசையில் அந்த முழங்கையை ஊன்றாதீர்கள். தினமும் ஒரு முறை பேரப்பிள்ளையிடமாவது காட்டி, சிவப்போ கொப்புளமோ இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

வேலையிலோ வேலைக்குப் போகும் வழியிலோ காயம்பட்டிருந்தால் பெர்கேசோவிடம் தெரிவியுங்கள். 60 வயதுக்குப் பிறகும் வேலை செய்பவர்களுக்கு வேலை விபத்துக் காப்பு உண்டு.