மைலேஜ் குறைந்தால் முதலில் டயர்

என் பெட்ரோல் காருக்கு எட்டு வயது. மைலேஜ் குறைந்துகொண்டே வருகிறது. ஏர் ஃபில்டரை மாற்றினால் சரியாகிவிடும் என்கிறார் மெக்கானிக். உண்மையா? – வாசகர், கரூர்

ஏர் ஃபில்டர் அடைத்தால் மைலேஜ் விழும் என்பது கார்புரேட்டர் காலத்துக் கணக்கு. இன்ஜெக்‌ஷன் இன்ஜினில் உள்ளே வரும் காற்றைச் சென்சார் அளக்கிறது. அதற்கேற்ற பெட்ரோலைத்தான் இன்ஜினின் கணினியான இசியு விடுகிறது. ஆகவே அடைத்த ஃபில்டரால் வண்டியின் இழுவை குறையும், மைலேஜ் பெரிதாக மாறாது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகம் 2009-ல் சோதித்துக் கண்டதும் இதுவே. ஃபில்டர் அழுக்கானால் மாற்ற வேண்டியதுதான். அது இன்ஜினின் ஆயுளுக்காக.

முதலில் பார்க்க வேண்டியது டயர் காற்று. சரியான அளவு டிரைவர் பக்கக் கதவுச் சட்டத்து ஸ்டிக்கரில் இருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அது தாங்கும் உச்ச அளவு. அதைப் பார்த்து அடிக்கக் கூடாது. காற்றை மாதம் ஒருமுறை, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் பார்ப்பது நல்லது. செலவில்லாத வேலை என்பதாலோ என்னவோ, பலரும் இதைக் கடைசியில்தான் செய்கிறார்கள்.

அடுத்தது பிரேக். ஓட்டி நிறுத்தியதும் ஒரு சக்கரத்தில் மட்டும் அனல் அடித்தால், அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

இன்ஜின் விளக்கு எரிந்தால் ஸ்கேன் செய்துவிட வேண்டும். பழுதான ஆக்சிஜன் சென்சார் பெட்ரோலை அளவுக்கு மீறி விடவைக்கும். எட்டு வயது வண்டியில் அதுவும் சந்தேகத்துக்குரியதே. இன்ஜின் ஆயில் கையேட்டில் உள்ள கிரேடாக இருந்தால் போதும்.