எழுபதைத் தொட்டவருக்கும் ஆயுள் மிச்சம் உண்டு

நம்பிக்கை: நாட்டின் சராசரி ஆயுள் 70 என்றால், 65 வயதானவருக்கு இன்னும் 5 ஆண்டுதான்.

ஓய்வுபெற்ற பலர் இந்தக் கழித்தலை நம்பிச் சேமிப்பைக் கரைத்துவிடுகிறார்கள். எண்பது வயதில் கையில் காசில்லாமல் பிள்ளைகள் முகத்தைப் பார்த்து நிற்பது கொடுமை. அதனால்தான் இதை விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

உண்மை: செய்தித்தாளில் வரும் எண் பிறந்த குழந்தைக்கு உரியது. இந்தியாவின் 2014–18 மாதிரிப் பதிவு அட்டவணையில் அது 69.4 ஆண்டு. அதே அட்டவணையில் 60 வயதை எட்டியவருக்கு இன்னும் 18 ஆண்டு அளவுக்கு ஆயுள் இருக்கிறது, கூட்டினால் 78. சிறு வயதில் இறந்தவர்கள் முதல் எண்ணைக் கீழே இழுத்துவிடுகிறார்கள். அறுபதைத் தொட்டவர் அந்தக் கண்டங்களையெல்லாம் தாண்டி வந்தவர்.

கணக்கு எப்படி நடக்கிறது என்பதைப் பழைய அட்டவணை ஒன்றில் பார்க்கலாம். 1662இல் லண்டன் வணிகர் ஜான் கிரான்ட் வெளியிட்டது அது. பிறந்த 100 பேரில் 6 வயதில் 64 பேர் மிஞ்சுகிறார்கள். 16இல் 40, 26இல் 25, 36இல் 16, 46இல் 10, 56இல் 6, 66இல் 3, 76இல் ஒருவர். அன்றைய இறப்புப் பட்டியல்களில் வயதே குறிக்கப்படாததால் பெரும்பாலும் ஊகம்தான். ஆனாலும் வழிமுறையைக் கற்க இதைவிடத் தெளிவான அட்டவணை எனக்குத் தெரியாது.

6 வயதுவரை பிழைக்கும் வாய்ப்பு 0.64. ஆறிலிருந்து பதினாறைத் தொடும் வாய்ப்பு 64இல் 40, அதாவது 0.625. இரண்டையும் பெருக்கினால் பிறந்த குழந்தை 16ஐ எட்டும் வாய்ப்பு வருகிறது: 0.40. இப்படி ஒவ்வொரு வயதுக்கும் கிடைக்கும் வாய்ப்புகளை, இடைப்பட்ட ஆண்டுகளையும் சேர்த்துக் கூட்டினால் வருவதே எதிர்பார்க்கும் ஆயுள். பிறந்த குழந்தைக்கு அது 18.2 ஆண்டு. 6 வயதுக் குழந்தைக்கோ இன்னும் 20.8 ஆண்டு! வயது ஏறியும் மிச்ச ஆயுள் கூடியிருக்கிறது. 36 வயதானவருக்கு மேலும் 17.5, அவர் 53ஐத் தாண்டுவார் என்பதே கணக்கு.

நம்பிக்கை: சராசரி 18 என்றால் மக்கள் பதினெட்டு வயதுவாக்கில் இறந்தார்கள்.

உண்மை: இந்த அட்டவணையில் அதிகம் பேர் இறப்பது 6 வயதுக்குள். பாதிப் பேர் 12 வயதுக்குள் போய்விடுகிறார்கள். 1669இல் ஹைகன்ஸ் சகோதரர்கள் இதையே கடிதங்களில் விவாதித்தார்கள். லோடவெய்க் சொன்னது 18 சொச்சம். ஊசல் கடிகாரம் கண்ட கிறிஸ்டியான் சொன்னது சுமார் 11. ஒருவர் சராசரியைக் கணக்கிட்டார், மற்றவர் பாதிப் பேர் மிஞ்சும் வயதை. இரண்டுமே சரி.

நம்பிக்கை: இந்த எண் எதிர்காலத்தைச் சொல்கிறது.

உண்மை: இன்றைய இறப்பு விகிதங்கள் கடைசிவரை மாறாமலிருந்தால் என்ற நிபந்தனையோடு போடப்படும் கணக்கு இது. 1918இன் இன்ஃபுளுவென்சாவால் 1911–21 பத்தாண்டில் இந்தியர்களின் எதிர்பார்க்கும் ஆயுள் சுமார் 20 ஆண்டாகச் சரிந்ததாக மதிப்பிடுகிறார்கள். அந்தக் காய்ச்சல் ஆண்டுதோறும் திரும்பி வரவில்லை. அப்போது பிறந்து தப்பிய குழந்தைகளில் எத்தனையோ பேர் பேரன் பேத்தி எடுத்தார்கள்.