தூரிகைத் தடம் குறையா?

கேள்வி: எண்ணெய் வண்ண உருவப்படத்தில் தூரிகைத் தடம் அப்படியே தெரிந்தால், அரைகுறை வேலைதானே?

பதில்: ஓவியர் ரெம்பிராண்டைப் பாருங்கள். 1632-இல் தீட்டிய 'டாக்டர் துல்ப்பின் உடற்கூற்றுப் பாடம்' ஓவியத்தில் முகங்கள் வழவழவென்றிருக்கும். நுணுக்கம் தெரியாதவர் அல்ல. வயதாகிக் கண் மங்கியதால்தான் பிற்பாடு தடிப்பாக அப்பினார் என்று சிலர் சொல்லலாம். ஆனால் 1628 வாக்கில், இருபது சொச்ச வயதில் வரைந்த தன்னுருவப் படத்திலேயே, ஈர வண்ணத்தைத் தூரிகையின் பின்முனையால் கீறித்தான் சுருள்முடியைக் காட்டியிருக்கிறார். லண்டன் கென்வுட் இல்லத்திலுள்ள முதுமைக்காலப் படத்திலோ முகத்தில் வண்ணம் கெட்டியாக ஏறியிருக்கிறது. தொப்பி சில வெள்ளை இழுப்புகள், தூரிகை பிடித்த கை வெறும் கீற்றுகள். சோம்பேறியாக இருந்தால் முகத்தையும் அப்படியே விட்டிருப்பாரே! (அப்பியதெல்லாம் கலை என்று நான் சொல்லவில்லை.) கன்னத்தில் மேடுதட்டிய வண்ணம் அறை வெளிச்சத்தைத் தானே பிடித்துக்கொள்கிறது, வழவழப்பில் அது நடக்காது.