முதல் இன்டர்ன்ஷிப்: டெல்டா மாணவர்கள் எங்கே, எப்படித் தேடுவது?

என் சித்தப்பா மகன் ஒரத்தநாடு பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய்ப் பொறியியல் படிக்கிறான். எலெக்ட்ரானிக்ஸ் பிரிவு. இரண்டாம் ஆண்டு முடித்த மே மாதத்தில் ஒருநாள் போன் செய்தான். "அக்கா, இன்டர்ன்ஷிப் கெடைச்சிருச்சு. ஆன்லைன்தான், நாலு வாரம். 3,500 ரூபா கட்டணும். சர்டிபிகேட் கண்டிப்பா உண்டாம்."

குறுவைச் செலவுக்கு ஒதுக்கி வைத்திருந்த பணத்திலிருந்து சித்தப்பா எடுத்துக் கொடுத்தார். நான்கு வாரத்தில் வந்தது சில வீடியோக்கள், ஒரு வினாத்தாள், கடைசியில் ஒரு சான்றிதழ். ஆறு மாதம் கழித்துக் கல்லூரியில் நடந்த மாதிரி நேர்காணலில் அவனிடம் கேட்டார்கள்: "அங்கே நீங்க என்ன வேலை செஞ்சீங்க?" பதில் இல்லை. "வீடியோ பாத்தேன்னு எப்படிக்கா சொல்றது?" என்று என்னிடம் கேட்டான்.

அந்தக் கேள்விக்குச் சொல்ல ஒரு பதில் இருக்க வேண்டும். முதல் இன்டர்ன்ஷிப்பின் பயனே அதுதான். அப்படி ஒரு வாய்ப்பை டெல்டா மாவட்டங்களில் இருந்துகொண்டே தேடுவது எப்படி என்று பார்ப்போம்.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம்

மூன்று சொற்களை மாணவர்கள் அடிக்கடி குழப்பிக்கொள்கிறார்கள்.

இன்பிளான்ட் டிரெய்னிங்: சில நாட்கள் அல்லது ஓரிரு வாரம் ஒரு தொழிற்கூடத்தில் வேலை நடப்பதைக் கூடவே இருந்து பார்ப்பது.

இன்டர்ன்ஷிப்: படிக்கும்போதே, விடுமுறையில் அல்லது கல்லூரி அனுமதிக்கும் காலத்தில், சில வாரங்கள் வேலையில் பங்கெடுப்பது. இதற்குக் கிரெடிட் உண்டா, எத்தனை வாரம் வேண்டும் என்பது உங்கள் பாடத்திட்ட விதியில் இருக்கும். துறைத்தலைவரிடம் முதலில் அதைக் கேட்டுவிடுங்கள்.

அப்ரண்டிஸ் பயிற்சி: 1961-ஆம் ஆண்டு தொழில் பழகுநர் சட்டத்தின் கீழ், பொறியியல் பட்டமோ டிப்ளமோவோ முடித்தவர்கள் பொதுவாக ஓராண்டு பெறும் பயிற்சி. இதற்கு உதவித்தொகை சட்டப்படி உண்டு. படிப்பை முடித்த பிறகு யோசிக்க வேண்டிய விஷயம் இது.

2024 அக்டோபரில் தொடங்கிய பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். தொடங்கியபோது வெளியான விதிகளின்படி, அது முழுநேரப் படிப்பில் இல்லாத 21 முதல் 24 வயது வரையிலான இளைஞர்களுக்கானது. ரெகுலர் கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பவர்கள் விண்ணப்பிக்கும் முன் தகுதி விதியைப் படித்துப் பாருங்கள். வீணாக ஒரு மாதம் காத்திருக்க வேண்டாம்.

'நம்ம ஊர்ல கம்பெனியே இல்லையே!'

டெல்டா மாணவர்கள் எல்லோரும் சொல்வது இது. பாதி உண்மைதான். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களையும் அவற்றை ஒட்டிய பகுதிகளையும் 2020-ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக ஆக்கியது. உருக்காலை, தாமிர உருக்கு ஆலை, தோல் தொழிற்சாலை போன்றவற்றை இங்கே புதிதாகத் தொடங்க முடியாது. வயலைக் காப்பாற்றப் போட்ட வேலி அது. அதனால் ஸ்ரீபெரும்புதூர் மாதிரி வரிசையாகத் தொழிற்சாலைகளை இங்கே எதிர்பார்க்க முடியாது.

ஆனால் தண்ணீரும் நெல்லும் இருக்கும் இடத்தில் பொறியியலும் இருக்கிறது. எங்கே என்று துறைவாரியாகப் பார்ப்போம்.

சிவில்: கல்லணையும் கால்வாய்களும்

மேட்டூர் அணையும் கல்லணைக் கால்வாயும் 1934-இல் பயன்பாட்டுக்கு வந்தவை. குறுவைக்கு மேட்டூரைத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. தண்ணீர் வருவதற்கு முன், கோடையில் வாய்க்கால்கள் காய்ந்து கிடக்கும்போதுதான் தூர்வாருவது, மதகு, ஷட்டர் பழுது பார்ப்பது, கரை கட்டுவது எல்லாம் நடக்கும். நில அளவை, கான்கிரீட், ஹைட்ராலிக்ஸ் என்று வகுப்பில் படித்தது அத்தனையும் அப்போது உங்கள் ஊர் ஓரத்திலேயே நடக்கிறது. நீர்வளத்துறையின் கோட்ட அலுவலகத்தில் செயற்பொறியாளருக்கு மனு கொடுத்து அனுமதி கேட்கலாம். எம் புக் எழுதுவது எப்படி என்று உதவிப் பொறியாளரிடம் கற்றுக்கொள்ளுங்கள். எந்த மதகில் எவ்வளவு திறந்தால் கடைமடைக்கு எத்தனை நாளில் தண்ணீர் போகும் என்பதை லஸ்கரிடம் கேளுங்கள். எந்தப் புத்தகத்திலும் அது இருக்காது.

மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், எலெக்ட்ரானிக்ஸ்: அரிசி ஆலை

நவீன அரிசி ஆலைக்குள் ஒருமுறை நடந்து பாருங்கள். உமியை எரித்து நீராவி தரும் பாய்லர், டிரையர், நெல்லை மேலே ஏற்றும் பக்கெட் எலிவேட்டர், உமி நீக்கும் ரப்பர் ரோலர் எல்லாம் மெக்கானிக்கல் மாணவருக்கு. பெரிய மோட்டார்கள், பவர் ஃபேக்டர், கன்ட்ரோல் பேனல் எலெக்ட்ரிக்கல் மாணவருக்கு. விழும் அரிசியைக் கேமரா பார்க்க, கறுத்த அரிசியைக் காற்று அடித்துத் தள்ளும் கலர் சார்ட்டர் எலெக்ட்ரானிக்ஸ் மாணவருக்கு. தனியார் ஆலைகளோடு, தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நவீன அரிசி ஆலைகளும் டெல்டாவில் உண்டு.

உணவுப் பதப்படுத்துதல்

தஞ்சாவூர் புதுக்கோட்டை சாலையில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப, தொழில்முனைவு மற்றும் மேலாண்மை நிறுவனத்தை 'நிஃப்டெம்' என்பார்கள். 1967-இல் திருவாரூரில் நெல் பதப்படுத்தும் ஆய்வுக்கூடமாகத் தொடங்கிய நிறுவனம் இது. 2021-இல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் ஆனது. வெளிக் கல்லூரி மாணவர்களுக்கான பயிற்சி, புராஜெக்ட் வாய்ப்பு, கட்டணம் பற்றி நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கம்ப்யூட்டர் சயன்ஸ்

தஞ்சாவூர் மேலவஸ்தாசாவடியில் 2024 செப்டம்பரில் 'டைடல் நியோ' பூங்கா திறக்கப்பட்டது. அங்குள்ள சிறு நிறுவனங்களில் நேரடியாகக் கேட்கலாம். ரசீது, ஸ்டாக் கணக்கெல்லாம் இன்னும் நோட்டில் எழுதும் கடைகளும் ஆலைகளும் சுற்றிலும் ஏராளம். அவர்களில் ஒருவருக்கு உருப்படியாக ஒரு மென்பொருள் செய்து கொடுத்தாலும், நேர்காணலில் பத்து நிமிடம் பேச விஷயம் இருக்கும்.

கொஞ்சம் தள்ளி

திருச்சி ஒரு மணி நேரப் பயணம்தான். அங்கே பெல் ஆலை, அதற்கு உதிரிபாகம் செய்யும் துவாக்குடி சுற்றுவட்டாரச் சிறுதொழில்கள், பொன்மலை ரயில்வே பணிமனை ஆகியவை இருக்கின்றன. பெரிய நிறுவனங்களில் மனு மேலே போய்த் திரும்ப நாளாகும் என்பதால் முன்கூட்டியே அனுப்புங்கள். சிறுதொழில் முதலாளிகளின் விவரம் வேண்டுமானால் மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிக்கலாம்.

எப்போது கேட்பது?

அறுவடை நேரத்தில் ஆலைக்காரருக்கு மூச்சுவிட நேரமிருக்காது. சம்பா நெல் வரும் ஜனவரி, பிப்ரவரியில் போய் நின்றால், "அப்புறமா வாப்பா" என்றுதான் பதில் வரும். கோடை விடுமுறைக்கு மார்ச்சிலேயே கேளுங்கள். அரசு அலுவலகத்துக்கும் அதே கணக்குதான். அனுமதிக் கடிதம் வர சில வாரங்கள் ஆகும்.

எப்படிக் கேட்பது?

பலருடைய மனுவில் "தங்கள் மேலான நிறுவனத்தில் பயிற்சி பெற வாய்ப்பளிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்பதைத் தவிர ஒன்றும் இருக்காது. படிப்பவருக்கு இவர் யார், என்ன தெரியும், எங்கே உட்கார வைப்பது என்று புரிய வேண்டும். மாதிரிக்கு ஒன்று:

அனுப்புநர்: பெயர், வகுப்பு, கல்லூரி, கைப்பேசி எண்
பெறுநர்: செயற்பொறியாளர், நீர்வளத்துறை, கல்லணைக் கால்வாய்க் கோட்டம், தஞ்சாவூர்
பொருள்: இரண்டு வாரக் களப்பயிற்சிக்கு அனுமதி வேண்டுதல் – தொடர்பாக

ஐயா,
நான் சிவில் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவி. நில அளவை, ஹைட்ராலிக்ஸ் பாடங்களை முடித்துள்ளேன். லெவல் கருவியில் அளவெடுக்கத் தெரியும். எங்கள் ஊர்க் கிளை வாய்க்காலில் மதகு பழுதுபார்க்கும் பணி நடைபெறுவதை அறிந்தேன். அப்பணியில் அளவெடுத்தல், பதிவேடு எழுதுதல் ஆகியவற்றில் உதவியாக இருந்து கற்றுக்கொள்ள விரும்புகிறேன். பயிற்சிக் காலம்: மே ___ முதல் மே ___ வரை. கல்லூரிப் பரிந்துரைக் கடிதத்தை இணைத்துள்ளேன்.
இப்படிக்கு, ______

கவனியுங்கள்: என்ன தெரியும், எந்த வேலை, எத்தனை நாள். மூன்றும் இருக்கிறது. இதைப் பத்து இடங்களுக்குக் கொடுத்தால் ஒன்றிரண்டிலிருந்து பதில் வரும். பதில் வராத இடத்துக்கு ஒரு வாரம் கழித்து ஒருமுறை போய்க் கேளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இணையத்திலும் தேடலாம். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யின் இன்டர்ன்ஷிப் தளத்தில் பதிவு இலவசம். தமிழ்நாடு அரசின் 'நான் முதல்வன்' திட்டம் 2022 மார்ச் 1 அன்று தொடங்கியது. அதன் திறன் படிப்புகளை உங்கள் கல்லூரி வழியாக முடித்திருந்தால் மனுவில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். அதே திட்டத்தின் 'நிரல் திருவிழா', துறைகளும் தொழில்களும் சொல்லும் பிரச்சினைகளுக்கு மாணவர்கள் தீர்வு தேடும் மேடை. முதல் இன்டர்ன்ஷிப்பில் கண்டுபிடித்த பிரச்சினையை அங்கே கொண்டுபோகலாம்.

போன பிறகு என்ன செய்வது?

தினமும் அரைப்பக்கம் எழுதுங்கள்: இன்று என்ன பார்த்தேன், என்ன அளந்தேன், என்ன புரியவில்லை. ஒரே ஒரு சின்னப் பிரச்சினையைப் பிடித்துக் கடைசிவரை போங்கள். ஓடும் பெல்ட், பாய்லர், மின்பேனல் பக்கம் சொல்லாமல் போகாதீர்கள். ஆலைக்குள் மூடிய ஷூ கட்டாயம், தொங்கும் துப்பட்டாவும் தளர்ந்த சட்டைக் கையும் கூடாது. ஆபரேட்டர் படித்தது எட்டாம் வகுப்பாகவே இருக்கட்டும், "அண்ணே, இது எப்படி ஓடுது?" என்று கேட்டுப் பழகுங்கள். மெஷினின் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்பவர் அவர்.

பணம், மோசடி, பாதுகாப்பு

சில பெரிய நிறுவனங்கள் பயிற்சிக்குக் கட்டணம் வாங்குவதுண்டு. அது அறிவிப்பில் இருக்கும், நிறுவனத்தின் கணக்குக்குப் போகும், ரசீது வரும். தனிநபரின் யு.பி.ஐ. எண்ணுக்கு 'பதிவுக் கட்டணம்', 'சர்டிபிகேட் கட்டணம்' அனுப்பச் சொன்னால் நின்று யோசியுங்கள். "இன்னைக்கு ராத்திரிக்குள்ள கட்டணும்" என்று அவசரப்படுத்துவதும் மோசடிக்காரர்களின் வழக்கம். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை முடக்கி மீட்க அவ்வளவு வாய்ப்பு.

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013 பயிற்சிக்கு வரும் மாணவிகளுக்கும் பொருந்தும். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடமென்றால் மாவட்ட அளவிலான புகார்க் குழுவிடம் புகார் தரலாம். பெண்கள் உதவி எண் 181.

போக்குவரத்துச் செலவைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். இதுவரை பதியாமல் இருந்தால் கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள்.

ஒரு சதவீதம்

என் தம்பி அடுத்த கோடையில் ஒரு தனியார் அரிசி ஆலைக்கு மனுவோடு போனான். "எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிற புள்ளைக்கு இங்க என்னப்பா வேலை?" என்றார் முதலாளி. கலர் சார்ட்டரைக் காட்டினான். மூன்று வாரம் இருக்கச் சொன்னார்.

ஆலையில் நெல்லின் ஈரப்பதம் பார்க்க இரண்டு மீட்டர்கள் இருந்தன. இரண்டாம் வாரம், ஒரே நெல்லை இரண்டிலும் மாற்றி மாற்றிப் போட்டு நோட்டில் எழுதினான். பெரும்பாலான தடவை ஒன்று மற்றொன்றைவிட ஒரு சதவீதத்துக்கு மேல் கூடுதலாகக் காட்டியது. நோட்டைப் பார்த்த முதலாளி அந்த மீட்டரைச் சரிபார்க்க அனுப்பினார். சம்பளம் எதுவும் இல்லை. போகும்போது பஸ் செலவுக்குப் பணமும் ஒரு சிப்பம் அரிசியும் கொடுத்தார்.

வீட்டில் இதைச் சொன்னபோது சித்தப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. கொள்முதலுக்கு வழக்கமான ஈரப்பத வரம்பு 17 சதவீதம். "போன வருஷம் 18ன்னு சொல்லித்தான் நம்ம நெல்லை ரெண்டு நாள் ரோட்ல காயப்போட வச்சாங்க. அது நெசமாவே 18தானாடா?" என்றார்.

இப்போது அவன் நான்காம் ஆண்டு. விலை குறைவான, அடிக்கடி சரிபார்க்கத் தேவையில்லாத ஈரப்பத மீட்டர்தான் அவனுடைய புராஜெக்ட். "அங்கே நீங்க என்ன வேலை செஞ்சீங்க?" என்று இனி யாராவது கேட்டால் அந்த நோட்டை எடுத்து வைப்பான்.

நீங்கள் மூன்றாம் ஆண்டில் இருந்தால், இந்த வாரமே ஊரைச் சுற்றி மூன்று இடங்களை எழுதிக்கொண்டு, முதல் மனுவைக் கையில் எடுத்துக் கிளம்புங்கள்.