பெல்ட்டா, டைரக்ட் டிரைவா?

இசைத்தட்டு வாங்குவது சுலபம். அதைச் சுற்றவைக்கும் கருவியை வாங்கும்போதுதான் நமக்குத் தலை சுற்றும். பெல்ட் டிரைவ்தான் இனிமை என்பார் ஒருவர், டைரக்ட் டிரைவ்தான் துல்லியம் என்பார் இன்னொருவர். வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்பவருக்கு இந்தச் சண்டையில் பாதி தேவையில்லாதது.

பெல்ட் டிரைவில் மோட்டார் ஓரமாக இருக்கும். அதன் கப்பியிலிருந்து ஒரு ரப்பர் பெல்ட் போய்த் தட்டைச் சுற்றும். மோட்டாரின் அதிர்வில் பெரும்பகுதியை ரப்பர் வாங்கிக்கொள்வதால் அது ஊசிவரை எட்டாது. டைரக்ட் டிரைவில் பெல்ட்டே கிடையாது. தட்டின் நடு அச்சே மோட்டாரின் அச்சு. டெக்னிக்ஸ் 1972இல் கொண்டுவந்த எஸ்எல்-1200 இந்த வகை. டிஜேக்களின் கருவி என்று பெயர் வாங்கிவிட்ட அது, முதலில் வீட்டில் கேட்பவர்களுக்காகச் செய்யப்பட்டது.

விலையைக் கேட்கும் முன் உங்கள் தட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள். எல்லாமே எல்.பி. என்றால் 33⅓ வேகம் போதும், எந்த வகையும் சரி. பழைய தமிழ்ப் படப்பாட்டு இ.பி.க்கள் நிறைய இருந்தால் 45 வேகம் அடிக்கடி வேண்டும். ரேகா பிளானர் 1 போன்ற பெல்ட் கருவிகளில் வேகத்தை மாற்ற, மேல்தட்டைத் தூக்கிவிட்டுப் பெல்ட்டைக் கப்பியின் அடுத்த படிக்குக் கையால் நகர்த்த வேண்டும். ஒரு எல்.பி.க்கும் இரண்டு இ.பி.க்கும் நடுவே இதைச் செய்தால் பாட்டு கேட்கும் ஆசையே போய்விடும். பொத்தானில் வேகம் மாறும் பெல்ட் கருவிகளும் உண்டு, விசாரித்து வாங்குங்கள். தாத்தா காலத்து 78 தட்டுகள் இருந்தால் தேர்வு இன்னும் குறுகும். ஆடியோ-டெக்னிகாவின் ஏடி-எல்பி120எக்ஸ் என்ற டைரக்ட் டிரைவில் அந்த வேகம் இருக்கிறது. ஆனால் 78க்குத் தடித்த முனையுள்ள தனி ஊசி வேண்டும், எல்.பி. ஊசியை அதில் வைக்காதீர்கள்.

அடுத்தது கரன்ட். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் பழைய பெல்ட் கருவி என்றால் உஷார். அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. மின்சாரத்தின் அலைவெண்ணை நம்பி ஓடும் ஏசி மோட்டார் இங்கே வந்ததும் 33⅓ சுற்றுக்குப் பதில் ஏறக்குறைய 27.8 சுற்றுதான் சுற்றும். பாடகர் மூன்று ஸ்வரஸ்தானம் கீழே இறங்கிப் பாடுவார். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டேஜைத்தான் குறைக்கும், அலைவெண்ணை மாற்றாது. 50 ஹெர்ட்ஸுக்கான கப்பி கிடைத்தால்தான் தீர்வு. டிசி மோட்டார் உள்ளவற்றுக்கும் குவார்ட்ஸ் கட்டுப்பாடுள்ள டைரக்ட் டிரைவுக்கும் இந்தத் தொல்லை இல்லை. சரியான வோல்ட்டேஜ் கொடுத்தால் போதும்.

பழைய கருவியைப் பார்க்கப் போகிறீர்களா? சிறு காகிதத் துண்டைத் தட்டின் ஓரத்தில் ஒட்டி, ஊசியை இசைத்தட்டில் வைத்து, 33⅓ வேகத்தில் மூன்று நிமிடம் சுற்றுகளை எண்ணுங்கள். சரியாக 100 வர வேண்டும். ஒரு சுற்று கூடினாலோ குறைந்தாலோ 1 சதவீதப் பிழை. ஒரு ஸ்வரஸ்தானம் என்பது சுமார் 6 சதவீதம். கைபேசியில் செயலிகள் இருக்கின்றன என்றாலும் இந்தக் காகிதம் பொய் சொல்லாது.

பிறகு காது. நாகஸ்வரமோ பியானோவோ நீளமாக ஒரு ஸ்வரத்தைப் பிடிக்கும் இடத்தை வையுங்கள். ஸ்வரம் அலைபாய்ந்தால் உடனே பெல்ட்டைத் திட்டாதீர்கள். ஊசிக் கை இடமும் வலமும் ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடினால் தட்டின் துளை நடுவில் இல்லை, கருவி பாவம். அடுத்து, பாட்டு தொடங்கும் முன்னுள்ள வெற்றுப் பள்ளத்தில் ஊசியை வைத்து ஒலியைக் கொஞ்சம் கூட்டுங்கள். அடியில் உறுமல் கேட்கிறதா? ஊசியைத் தூக்கியும் நிற்கவில்லை என்றால் அது வயரிங்கிலோ எர்த்திலோ உள்ள கோளாறு. தூக்கியதும் நின்றால் மோட்டாரையோ பேரிங்கையோ சந்தேகிக்கலாம், வேறொரு தட்டிலும் வைத்துப் பார்த்த பிறகு.

பராமரிப்பில்தான் இரண்டும் உண்மையிலேயே பிரிகின்றன. நம் ஊர் வெயிலில் ரப்பர் சீக்கிரம் தளரும், சில சமயம் கப்பியில் பிசுபிசுவென ஒட்டிக்கொள்ளும். பெல்ட்டை எண்ணெய்க் கையால் தொடாதீர்கள். கப்பியை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். பெல்ட் மாற்ற மெக்கானிக் வேண்டாம், ஐந்து நிமிட வேலை. டைரக்ட் டிரைவ் பல ஆண்டுகள் சும்மா ஓடும், ஆனால் உள்ளே சர்க்யூட் போனால் பழைய மாடல்களுக்குச் சில ஐசிக்கள் கிடைப்பதே அரிது. அதனால் என் யோசனை: குறைந்த பணத்தில் புதிதாக வாங்குபவர் பெல்ட் டிரைவ் எடுக்கட்டும், மிச்சத்தை நல்ல கார்ட்ரிட்ஜில் போடட்டும். இ.பி.யும் 78ம் நிறைய வைத்திருப்பவர் டைரக்ட் டிரைவுக்குச் சேமிக்கட்டும். பெல்ட் எடுத்தால், உங்கள் மாடலுக்கான அளவில் இன்னொரு பெல்ட்டையும் அன்றே சேர்த்து வாங்கி, வெயில் படாத அலமாரியில் வையுங்கள்.