காயிலை வெட்டினால் கரண்ட் மிச்சமாகுமா?

மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை. இரண்டையும் பெருக்கினால் திறன். முதல் பாதி, ஜெர்மனியின் கியோர்க் சைமன் ஓம் 1827இல் புத்தகமாக வெளியிட்ட விதி. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் ஒப்பித்ததுதான். சூத்திரம் நினைவிருந்தும் வீட்டுக் கரண்ட் பற்றிப் பேச்சு வந்தால் கணக்கு தலைகீழாகப் போய்விடுகிறது.

நம்பிக்கை: கரண்ட் அடுப்பின் காயில் அறுந்தால், கெட்டுப்போன துண்டை வெட்டிவிட்டு மிச்சத்தை மாட்டிக்கொள்ளலாம். காயில் குறைந்ததால் கரண்டும் மிச்சம்.

உண்மை: கரண்ட் கூடும். 1000 வாட்ஸ் அடுப்பு 230 வோல்ட்டில் 4.35 ஆம்பியர் இழுக்கும். 230ஐ 4.35ஆல் வகுத்தால் மின்தடை ஏறக்குறைய 53 ஓம். காயிலில் ஐந்தில் ஒரு பங்கை வெட்டிவிட்டால் மின்தடை 42 ஓமுக்கு இறங்கும். ஈபி தரும் வோல்டேஜ் அப்படியேதான் இருக்கிறது. ஆகவே மின்னோட்டம் 5.4 ஆம்பியருக்கும் திறன் சுமார் 1250 வாட்ஸுக்கும் ஏறும். 250 வாட்ஸ் கூடிவிட்டது, அதைத் தாங்க வேண்டிய நிக்ரோம் கம்பியோ குட்டையாகிவிட்டது. ஒவ்வோர் அங்குலக் கம்பியும் முன்பைப் போல ஒன்றரை மடங்கு சூட்டைச் சுமக்க வேண்டும். வெட்டி ஒட்டிய காயில் செக்கச்செவேலென்று எரிந்து சீக்கிரமே மறுபடி அறுவது இதனால்தான். ‘இப்பதான் சோறு சட்டுனு வேகுது’ என்று சந்தோஷப்படுகிறவர்களும் உண்டு. மீட்டரும் சட்டென்றுதான் ஓடும்.

இங்கே நன்றாகப் படித்தவர் ஒருவர் குறுக்கிடுவார்: மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினால்தானே சூடு? அப்படியானால் தடை கூடினால்தானே சூடும் கூட வேண்டும்? சூத்திரம் சரிதான். ஆனால் மின்னோட்டம் மாறாமல் இருக்கும் இடத்தில்தான் அந்தக் கேள்வி செல்லும். அடுப்பில் மாறாமல் நிற்பது வோல்டேஜ். அங்கே தடை குறையக் குறைய வாட்ஸ் ஏறும்.

மின்னோட்டம் ஏறக்குறைய மாறாமல் நிற்கும் இடமும் வீட்டில் உண்டு: லூசான பிளக். 1500 வாட்ஸ் கீசர் 6.5 ஆம்பியர் இழுக்கிறது. அதன் மின்தடை 35 ஓம். சாக்கெட்டில் பின் சரியாகப் பிடிக்காமல் அரை ஓம் தடை சேர்ந்தால் கரண்ட் பெரிதாகக் குறையாது. ஆனால் 6.5ஐ 6.5ஆல் பெருக்கி, அதில் பாதி எடுங்கள்: 21 வாட்ஸ். ஈயம் உருக்கும் சாதாரண சால்டரிங் அயர்னே 25 வாட்ஸ்தான். ஏறக்குறைய அவ்வளவு சூடு ஒரு பின் முனையில் சேர்கிறது. சாக்கெட் கறுத்து, பிளாஸ்டிக் வாடை வந்தால் கீசரைக் குறை சொல்லாமல் சாக்கெட்டை மாற்றுங்கள்.

நம்பிக்கை: லோ வோல்டேஜில் ஹீட்டர் போட்டால் பில் குறையும்.

உண்மை: வோல்டேஜ் 180க்கு இறங்கினால் அதே 1500 வாட்ஸ் ஹீட்டர் ஏறக்குறைய 920 வாட்ஸாகிவிடும். 180ஐ 35.3 ஓமால் வகுத்து, வரும் விடையை மறுபடி 180ஆல் பெருக்கிப் பாருங்கள். ஆனால் ஒரு வாளித் தண்ணீர் சுட வேண்டிய ஆற்றல் மாறாது. பத்து நிமிடத்தில் ஆகிற வேலை பதினாறு நிமிடத்துக்கு மேல் இழுக்கும், யூனிட் அதேதான். ஃபிரிட்ஜ் கம்ப்ரெசரின் கதை வேறு. அது ஓமின் விதிக்கு அடங்கிய வெறும் கம்பி இல்லை, மோட்டார். லோ வோல்டேஜில் கூடுதல் கரண்ட் இழுத்து வைண்டிங்கைச் சூடாக்கிக்கொள்ளும். ஸ்டெபிலைசர் வைப்பது அதற்காகத்தான்.

நம்பிக்கை: மல்டிமீட்டரில் ஓம் பார்த்தால் எந்தப் பொருளின் வாட்ஸையும் கணக்குப் போட்டுவிடலாம்.

உண்மை: ஹீட்டருக்குப் பெரும்பாலும் சரி, நிக்ரோமின் தடை சூட்டில் அதிகம் மாறாது. பழைய 60 வாட்ஸ் குண்டு பல்பில் ஏமாந்துபோவீர்கள். எரியாத பல்பில் மீட்டர் 65 ஓம் மாதிரி காட்டும். அதை வைத்துக் கணக்குப் போட்டால் 800 வாட்ஸுக்கு மேல் வரும்! எரியும்போது டங்ஸ்டன் இழை இரண்டாயிரம் டிகிரி செல்சியஸையும் தாண்டிச் சூடாகி, அதன் தடை பத்து மடங்குக்கு மேல் ஏறி, ஏறக்குறைய 880 ஓமில் நிற்கும்.

நம்பிக்கை: 3 ஆம்பியர் சார்ஜர், 1 ஆம்பியர் போனைப் பொசுக்கிவிடும்.

உண்மை: சார்ஜரில் அச்சிட்டிருப்பது அது தரக்கூடிய உச்ச அளவு. வோல்டேஜ் பொருந்தினால் போன் தனக்கு வேண்டியதைத்தான் இழுக்கும்.

நம்பிக்கை: வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் எப்போதும் வாட்ஸ். ஆகவே ஆம்பியரைக் குறைக்கும் ‘பவர் சேவர்’ பெட்டி பில்லையும் குறைக்கும்.

உண்மை: ஹீட்டர், அயர்ன் பாக்ஸுக்கு அந்தப் பெருக்கல் போதும். மோட்டாருக்குத் திறன் காரணி என்று இன்னோர் எண் வேண்டும். 230 வோல்ட்டில் 5 ஆம்பியர் எடுக்கும் மோட்டாரின் திறன் காரணி 0.8 என்றால் திறன் 1150 வாட்ஸ் இல்லை, 920தான். பவர் சேவர் பெட்டிக்குள் இருக்கும் கெப்பாசிட்டர், கிளாம்ப் மீட்டரில் ஆம்பியரைக் குறைத்துக் காட்டும். விற்பவர் காட்டும் வித்தையும் அதுதான். வீட்டு மீட்டர் கணக்கெடுப்பதோ அந்த 920 வாட்ஸை. அது குறையாது. அடுத்த முறை அந்தப் பெட்டியோடு யாராவது வாசலுக்கு வந்தால், ஈபி மீட்டரில் யூனிட் குறைவதைக் காட்டச் சொல்லுங்கள்.