வீட்டு ஈயைப் பொறிவைத்துப் பிடித்தல்

கமக்காரரே! கரம்பொன் முதலிய தீவகக் கிராமங்களில் மாட்டெருவும் மீன்கழிவும் அழுகிய பனம்பழமும் சேருமிடமெல்லாம் ஈ பெருகும். வயிற்றோட்டம், வயிற்றுளைவு, நெருப்புக்காய்ச்சல் ஆகியவற்றின் கிருமிகளை அது கழிவிலிருந்து உங்கள் பிள்ளைகளின் உணவுக்குக் காவிவரும். பெண் ஈ ஒருமுறைக்கு 100 முதல் 150 வரை முட்டையிடும். வெப்ப காலத்தில் முட்டை ஈயாவதற்கு 7 முதல் 10 நாட்களே போதும்.

செய்முறை: பிளாஸ்ரிக் போத்தலொன்றின் மேற்பாகத்தை அறுத்து, மூடியை நீக்கி, தலைகீழாகப் புனல்போல் அடிப்பாகத்தினுள் பொருத்தவும். ஒரு பிடி மீன்கழிவும் அது மூழ்க நீரும் இடவும். புனலின் வாய் நீரைத் தொடலாகாது. இனிப்புநீர் வைத்தால் தேனீக்களும் அகப்படுமாதலால் அதனைத் தவிர்க்கவும்.

வைக்குமிடம்: பொறியின் மணம் தூரத்து ஈக்களையும் அழைக்கும். எனவே வாசல், அடுக்களை, கிணறு என்பவற்றிலிருந்து 20 அடிக்கு அப்பால், தொழுவத்தின் அருகே வேலிக் கதியாலில் கட்டவும்.

நான்கு நாட்களுக்கொருமுறை உள்ளிருப்பதைக் குழியிலிட்டு, கொதிநீர் ஊற்றி, ஆழப் புதைக்கவும். தவறினால் பொறியிலேயே புழு வளரும்.

பொறி பறக்கும் ஈயை மட்டுமே பிடிக்கும். புழுவை ஒழிக்க, வாரத்துக்கு இருமுறை எருவை அகற்றி, வெயிலில் மெல்லிதாகப் பரப்பி உலர்த்த வேண்டும். நன்கு உலர்ந்த எருவில் ஈப்புழு வாழாது. உலர்ந்த எருவோ உங்கள் தோட்டத்துக்கு உதவும்.